வரிசையில் நிற்காமல் காத்திருக்க முடியுமா?

வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கைப் பூங்காவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது திறக்கப்பட்டது. அங்கே 1975-இல் தொடங்கிய 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற சவாரி மிகவும் பெயர் பெற்றது. கூம்பு வடிவக் கட்டடம் ஒன்றின் இருட்டுக்குள் சிறு வண்டிகள் தண்டவாளத்தின் மீது விரைந்து வளைந்து ஓடும். சவாரி இரண்டரை நிமிடம்தான். அதற்காக முக்கால் மணி, ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது கூட்டமான நாட்களில் வழக்கம்.

நம்மில் பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே நின்றுவிடுவோம். ஆனால் சிலரால் நிற்க இயலாது. வேறு சிலரால் நிற்க இயலும், காத்திருக்க இயலாது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றுகிறதா? ஒன்றல்ல. முதலாவது உடலின் இயற்பியலைச் சேர்ந்தது. இரண்டாவது மனம் காலத்தை எப்படி உணர்கிறது என்பதைச் சேர்ந்தது. இவர்களுக்குத் தனி வழி விட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு நட்டம் என்று அந்த ஊரில் நீதிமன்றம் வரை சண்டை நடந்திருக்கிறது. நாம் அதை நொடிக்கணக்கில் கணக்கிட்டுப் பார்க்கப் போகிறோம்.

நிற்பது எளிதா, நடப்பது எளிதா?

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் கீழே போகப் போக நீரழுத்தம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். இந்தச் சூத்திரம் இரத்தத்துக்கும் பொருந்தும். நிற்கும் ஒருவரின் இதயத்திலிருந்து பாதம் வரை உயரம் 1.2 மீட்டர் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1060 கிலோகிராம். 1.2 × 1060 × 9.8 என்று பெருக்கினால் ஏறத்தாழ 12,500 பாஸ்கல் வரும். மருத்துவர்களின் அளவில் இது சுமார் 94 மில்லிமீட்டர் பாதரசம். படுத்திருக்கும்போது இல்லாத இந்த அழுத்தம், எழுந்து நின்றவுடன் பாதத்துச் சிரைகளின் மீது ஏறிவிடுகிறது.

சிரைகளின் சுவர் மெல்லியது. அழுத்தம் ஏறினால் விரியும். ஆகவே எழுந்து நின்ற சிறிது நேரத்துக்குள் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கித் தங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மூளைக்குப் போவதும் குறையப் பார்க்கிறது. உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை செய்தி அனுப்ப, இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நமக்குத் தெரியாமலே காரியம் முடிந்துவிடுகிறது.

இன்னொரு துணையும் உண்டு. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடியிலும் சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தத்தை மேல் நோக்கி மட்டுமே விடும். இந்த வால்வுகளின் வேலையை 1628-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி தம் நூலில் விளக்கினார். நடக்கும்போது பாதத்துச் சிரையின் அழுத்தம், அசையாமல் நிற்கும்போது உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. எனவே ஒரு மணி நேரம் நடப்பதைவிட ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பதே இரத்த ஓட்டத்துக்குக் கடினம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது ஒரு மாணவர் மயங்கிச் சரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலை உணவு உண்ணாமல் வந்ததுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் இருக்கலாம்; ஆனால் 'அட்டென்ஷ'னில் உறைந்து நின்ற கெண்டைக்காலுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தச் சரிக்கட்டும் ஏற்பாடு சரிவர இயங்காதவர்கள் இருக்கிறார்கள். 'பாட்ஸ்' என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் நிலையில், இரத்த அழுத்தம் பெரிதாக விழாமலே, எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கும் மேல் கூடிவிடுகிறது. 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு 40 கூடினால்தான் இந்நிலை எனக் கொள்கிறார்கள். தலை சுற்றும், கண் இருளும், கை நடுங்கும். பார்வைக்கு அவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருப்பது போலவே தோன்றும் என்பதுதான் சங்கடம். ஃபுளோரிடாவின் கோடை புழுக்கம் நிறைந்தது. வெப்பத்தை வெளியேற்றத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால், இறங்கித் தங்கும் இரத்தம் இன்னும் கூடுகிறது.

இவர்களுக்குப் பரிகாரம் ஓரளவு எளிது. உட்கார்ந்துவிட்டால் உயரம் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பலர் வரிசையில் காத்திருக்கிறார்கள். நின்றே தீரவேண்டுமென்றால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும், கால்களைப் பின்னி இறுக்குவதும் உதவும். நிறைய நீர் அருந்த வேண்டும். உப்பு, இறுக்கமான காலுறை போன்றவை மருத்துவர் சொன்னால் மட்டும்.

முடிவு தெரியாத வரிசை

இரண்டாவது வகையினரின் துன்பத்துக்குச் சக்கர நாற்காலி மருந்தாகாது. ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடு உடைய ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். ஆட்டிசம் உடையோர் எல்லோரும் ஒரே மாதிரியானவர் அல்லர். ஆயினும் அவர்களுள் பலருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அச்சம் பெருகும். பூங்காக்களில் வரிசையை எப்படி அமைத்திருக்கிறார்கள்? இடம் மிச்சமாகவும், நீளம் கண்ணை உறுத்தாமல் இருக்கவும், கயிறு கட்டி மடக்கி மடக்கி விடுகிறார்கள். 'இதோ வந்துவிட்டோம்' என்று மூலை திரும்பினால் அங்கே இன்னொரு கூடம் நிறைய மக்கள்! நமக்கு அது சிறு ஏமாற்றம். அச்சிறுவனுக்கோ, சொன்ன சொல் பொய்த்துப் போன பேரதிர்ச்சி.

அத்துடன் இரைச்சல், பிறர் தோள் உரசுதல், கண்ணைக் குத்தும் விளக்குகள். புலன் செய்திகள் சிலருக்கு மிகையாகவே உறைக்கின்றன. காதை மூடும் செவிக்காப்பு ஒலியை 20 டெசிபெல் குறைத்தால் அதன் செறிவு நூறில் ஒரு பங்காகிறது. 30 டெசிபெல் குறைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே கூட்டத்தில் செவிக்காப்பு அணிந்த பிள்ளையைக் கண்டால் வியந்து பார்க்க வேண்டியதில்லை. நல்ல இயற்பியல்தான் அது.

காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவது இவர்களுக்குக் கைகொடுக்கிறது. 'முதலில் இது, பிறகு அது' என்று படம் வரைந்த அட்டைகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் பயன்படுத்துகிறார்கள். மணற்கடிகாரமும் உதவும். இவற்றை வீட்டிலேயே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று பழக்கிவிட்டுப் பூங்காவுக்குப் போவது நல்லது. பூங்காவின் வாயில் திறக்கும் வேளையிலேயே உள்ளே நுழைந்துவிடுவதும் நல்ல உபாயம். வருகிறவர்களின் வேகம் ஏற்றிச் செல்லும் வேகத்தை விஞ்சும்போதுதான் வரிசை வளரத் தொடங்குகிறது. அதிகாலையில் அந்த மிச்சம் இன்னும் சேர்ந்திருக்காது.

வரிசையின் கணக்கு

வரிசைகளைப் பற்றிய கணிதம் தொலைபேசி நிலையத்தில் பிறந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்பவர் 1909-இல் அழைப்புகளின் வருகையைப் பற்றி எழுதிய கட்டுரையே அதன் தொடக்கம் எனலாம். 1961-இல் அமெரிக்கரான ஜான் லிட்டில் மிக எளிய ஓர் உறவுக்கு நிறுவல் தந்தார். வரிசையில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, நிமிடத்துக்கு வந்து சேர்வோரின் எண்ணிக்கையை ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நிமிடங்களால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். அவ்வளவுதான் விதி. வங்கிக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும்.

ஒரு சவாரி மணிக்கு 1200 பேரை, அதாவது நிமிடத்துக்கு 20 பேரை ஏற்றிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 900 பேர். காத்திருப்பு 900 ÷ 20 = 45 நிமிடம். ஒருவருக்கு ஆகும் நேரம் மூன்று நொடி.

இப்போது மணிக்கு 30 குடும்பங்கள், குடும்பத்துக்கு நால்வர், நேராக முன்னே போய் ஏறிக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும்? 120 இருக்கைகள் போய்விடும். மீதி 1080 இருக்கைகள்; நிமிடத்துக்கு 18. ஆகவே 900 பேர் வரிசைக்கு 50 நிமிடம் ஆகும். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் நட்டம். இது பெரியதா சிறியதா என்பது வேறு, சுழி அன்று.

இதற்கு மாற்றாக வேறொன்று செய்யலாம். அக்குடும்பம் வரிசையின் வாயிலில் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். 'இப்போது மணி இரண்டு. காத்திருப்பு 45 நிமிடம். இரண்டே முக்காலுக்கு வாருங்கள்' என்று ஊழியர் நேரம் குறித்துக் கொடுக்கட்டும். குடும்பம் எங்காவது நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டுக் குறித்த நேரத்தில் வந்து ஏறும். அவர்களுக்கு முன்னே நின்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். பின்னே வந்தவர்கள் பின்னேதான் இருக்கிறார்கள். யாருக்கும் ஒரு நொடியும் நட்டமில்லை! வரிசையில் அவர்களுடைய இடம் இருந்தது; உடல் மட்டும் அங்கே இல்லை.

ஒரு நுட்பம் கவனியுங்கள். வெளியே இருப்பவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்தால்தான் நேரப்பலகை சரியாகக் காட்டும். நிற்பவர்களை மட்டும் எண்ணினால் பலகை குறைத்துச் சொல்லும். டிஸ்னி பூங்காக்களில் நெடுங்காலம் ஓர் எளிய முறை இருந்தது. வரிசையில் நுழையும் ஒருவரிடம் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அவர் சவாரியின் வாயிலை அடைந்ததும் அதைத் திருப்பித் தருவார். இடைப்பட்ட நேரமே காத்திருப்பு.

சண்டை எங்கே?

1990-இல் அமெரிக்கா இயற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டம், நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. டிஸ்னி முதலில் கொடுத்த உதவி அட்டை பல வேளைகளில் உடனே ஏற வழி செய்தது. பணம் படைத்த சிலர் மாற்றுத்திறனாளிகளை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு முந்துகிறார்கள் என்று 2013-இல் செய்திகள் வெளிவந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அட்டை ஒழிந்து, நேரம் குறித்துக் கொடுக்கும் முறை வந்தது. பலகையில் உள்ள நேரத்தில் சுமார் பத்து நிமிடம் குறைத்தே குறித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தின் விலை என்ன? நம் சவாரியில் பத்து நிமிடம் என்பது 200 பேர். நால்வர் குடும்பம் அவர்களை முந்துகிறது. ஒவ்வொருவரும் இழப்பது 12 நொடி. மணிக்கு 30 குடும்பங்கள் என்றால், உங்களுக்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் பதிந்த ஐந்து குடும்பங்கள் உங்களை முந்தும். மொத்த இழப்பு ஒரு நிமிடம்.

ஆட்டிசம் உடைய இளைஞர்களின் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. எங்கே உட்கார்ந்தாலும் காத்திருப்பு காத்திருப்பே, மனத்தில் வகுத்த சவாரி ஒழுங்கு கலைந்தாலும் தாங்க முடியாது என்பது வாதம். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை முழுமையாக விசாரிக்கச் சொன்னது. 2020-இல் விசாரித்த நீதிமன்றம், அவர்கள் கேட்ட அளவுக்கு உடனடி அனுமதி தருவது பூங்காவின் அடிப்படை ஏற்பாட்டையே மாற்றிவிடும் என்று டிஸ்னியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் ஃபுளோரிடாவில் விதி மீண்டும் இறுகியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் காத்திருக்க இயலாதோருக்கே அச்சேவை என்றார்கள். பாட்ஸ் போன்ற நிலை உடையோர் வேறு வழிகளைக் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று.

நேரம் குறித்து வாங்கியவர், அந்த இடைவேளையில் வேறொரு சிறு வரிசையில் நின்று இன்னொரு சவாரி செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், அது ஒரு ஆதாயம்தான். ஆனால் வரிசையில் நிற்க இயலாது என்பதற்காகத்தானே அந்தச் சீட்டையே வாங்கினார்? மேலும், 1999-இல் இலவசமாகத் தொடங்கிய விரைவு வழி 2021 முதல் கட்டண வழியாகிவிட்டது. சவாரியின் சரிபாதி இருக்கைகளை அதற்கு ஒதுக்கினால் நம் 20 பேர் பத்துப் பேராகி, 450 பேர் நிற்கும் வரிசையே 45 நிமிடம் எடுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளும் கூட்டம், செவிக்காப்பு அணிந்த பிள்ளை தன் நேரத்துக்கு வந்து ஏறினால் முறைத்துப் பார்ப்பது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சவாரி மணிக்கு 1500 பேரை ஏற்றுகிறது. வெளியே இருப்போரையும் சேர்த்து வரிசையில் 1000 பேர். மூவர் அடங்கிய ஒரு குடும்பம் காலை 11 மணிக்குப் பதிந்துகொள்கிறது. (1) யாருக்கும் நட்டமில்லாமல் எத்தனை மணிக்கு வரச் சொல்லலாம்? (2) பத்து நிமிடம் முன்னதாக வரச் சொன்னால் எத்தனை பேரை முந்துவார்கள்? ஒவ்வொருவருக்கும் எத்தனை நொடி இழப்பு? (3) மணிக்கு இத்தகைய 24 குடும்பங்கள் என்றால், வரிசையில் நிற்கும் ஒருவரின் மொத்த இழப்பு எவ்வளவு?

விடைகள்: (1) 11 மணி 40 நிமிடம். (2) 250 பேர், 7.2 நொடி. (3) 28.8 நொடி.