ஒரு மணியும் நான்கு கதிர்களும்



ஒவ்வொரு ரமலானிலும் நிதி திரட்டும்போது நான் தவறாமல் சொல்லும் உவமை ஒன்று உண்டு. இறைவழியில் செலவிடும் பொருளை, ஏழு கதிர்கள் விட்டுக் கதிருக்கு நூறு மணிகள் பிடிக்கும் ஒரு விதைக்கு ஒப்பிடுகிறது அல்பகரா அத்தியாயத்தின் 261ஆம் வசனம். மதரஸாவில் மனனம் செய்தது, பல ஆண்டுகளாக மேடையில் சொன்னது. ஆனால் ஒரு தானியக் கதிரைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்தவனில்லை நான். இந்த ஆண்டு அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது எங்கள் வீட்டு முற்றத்தில் முளைத்த ஒரு சிறு செடி.

வைகாசிக் கடைசியில் ஈரப் பாதையில் வண்டி சறுக்கி என் வலது கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. கல்வி உதவி மனுக்களையும் மருத்துவ உதவிகளையும் மற்ற நிர்வாகிகள் ஒரு குறையுமின்றிக் கவனித்துக்கொண்டார்கள். அதற்காக மகிழ வேண்டிய நான் உள்ளுக்குள் வாடினேன். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்ற எண்ணம்தான். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நோயில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த வாட்டம் தெரிந்திருக்கும் என்பதால் மறைக்கவில்லை.

காலையில் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒளுச் செய்வேன். ஆனி மழையில் அந்த ஓரத்தில் புல்போல ஒன்று முளைத்தது. குனிந்து பிடுங்கக் கால் இடம் தரவில்லை, அதனால் பிழைத்தது. தினமும் பார்க்கப் பார்க்க, இன்று எத்தனை இலை என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு தண்டு நான்கு தூர்களாகப் பிரிந்தது. ஆவணியில் பூனை வால்போல மென்மையான கதிர்கள் வளைந்து தொங்கின. அன்று காலை எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொன்னால் சிறுபிள்ளைத்தனம் என்பீர்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு மலையாளி ஆயா பார்த்ததும் சிரித்துவிட்டார். “இது தினை பாய்! எங்க வீட்டுல மூட்டை மூட்டையா இருந்தது. மரவள்ளி போட ஆரம்பிச்ச பிறகு விதையே இல்லாம போச்சு” என்றார். தினை எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் விளங்கியது. பேத்தி வளர்க்கும் லவ் பேர்ட்ஸுக்குக் கடையில் வாங்கிய தீனியில், கூண்டிலிருந்து சிதறிய ஒரு மணி அது.

யோசித்துப் பாருங்கள். சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்தைப் பாடும்போதெல்லாம் தினைப்புனமும் அங்கே கிளி ஓட்டும் பெண்களும் வருவார்கள். கொல்லிமலை மக்கள் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை, கோரன் தினை என்று பெயர் சொல்லி வளர்த்தார்கள். சாமையிலும் கேழ்வரகிலும் அதேபோலப் பல வகைகள் இருந்தன. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பணப்பயிராக வந்தது. ரேஷன் அரிசி வந்தது. உரலில் குத்தி உமி நீக்கும் பாடும் பெண்களுக்குப் பெரும் சுமையாக இருந்தது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கிகளும் உமி நீக்கும் இயந்திரங்களும் அமைக்க உதவியது. 2023ஐ ஐ.நா. சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆனாலும் எங்கள் தெருவுக்குத் தினை திரும்பி வந்தது பறவைத் தீனியாகத்தான்.

புரட்டாசியில் கதிர் முற்றியது. தினைக்குருவிகள் வர ஆரம்பித்தன. மூன்று கதிர்களைத் துணியால் கட்டிவிட்டு, ஒன்றை அவற்றுக்கே விட்டேன். ஒரு முஸ்லிம் நட்டதையோ விதைத்ததையோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இங்கே விதைத்தது நானல்ல, கூண்டுப் பறவை. தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டது மட்டுமே என் பங்கு.

இன்னொரு கதிரைத் தட்டில் உதிர்த்து நானும் பேத்தியும் எண்ணினோம். ஆயிரத்தைத் தாண்டியதும் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. இறைவசனத்துக்கு என் செடி சாட்சி சொல்லத் தேவையில்லை. ஆனால் வாயால் சொல்லி வந்த உவமையை அன்றுதான் விரலால் தொட்டேன். நிதி கேட்கும்போது நான் எழுநூறு என்ற பெருக்கத்தையே அழுத்திச் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பெருக்கத்துக்கு முன்னால் ஒரு மணி கையை விட்டுப் போய் மண்ணுக்குள் மறைகிறது; பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. என் பெயர் அதில் எங்கும் இல்லை. நான் இல்லாமலே அறக்கட்டளை வேலை நடந்ததும் இப்படித்தான். யார் யாரோ எப்போதோ போட்ட விதை அது. அதைக் கண்டு வாடியது என் அறியாமை.

மீதி இரண்டு கதிர்களை ஆயாவிடம் கொடுத்தேன். சமைக்கவில்லை அவர். அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் கட்டி வைத்தார். “அடுத்த மழைக்கு விதைக்கலாம் பாய்” என்றார்.

நீங்களும் முயலலாம். கடையில் கிடைக்கும் தினை அரிசி உமி நீக்கியது, முளைக்காது. உமியோடு உள்ள மணி வேண்டும். ஆடி மழையில், வெயில் படும் இடத்தில், விரல் நுனியளவு ஆழத்தில் தூவி மண்ணை மூடுங்கள். நெருக்கமாக முளைத்ததைச் சாண் இடைவெளி விட்டுக் களையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. எண்பது, தொண்ணூறு நாளில் கதிர் பழுக்கும். பெரிய தொட்டி இருந்தாலே போதும்.

நாங்கள் எண்ணிய மணிகள் அலுவலகத்தில் ஒரு பாட்டிலில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை தருவோம். திருப்பித் தர வேண்டாம். ஒன்று கொடுத்து இரண்டாக வாங்கினால் அது வட்டியாகிவிடும். உங்கள் செடி கதிர்விட்டால் அதில் பாதியை, எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். முக்கியமாக, வீட்டில் படுக்கையிலோ நாற்காலியிலோ நாளைக் கழிக்கும் பெரியவர் இருந்தால், அவர் கண்ணில் படும் இடத்தில் விதையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் சிறு செயல்களிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.