முதலில் சிகிச்சை, பிறகு புகார்

கேள்வி: பாலியல் சுரண்டலுக்கு ஆளான சிறுமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், "எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கா?" என்கிறார்களே, சட்டமே அப்படித்தானா?

பதில்: நேர்மாறானது. போக்சோ எனப்படும் சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணமும் கேட்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவச சிகிச்சை தர மறுத்தால் ஓராண்டு வரை சிறை. காரணம் எளிது: எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் விழுங்க வேண்டும். காவல் நிலைய பெஞ்சில் காத்திருக்கும் நேரமும் அந்த 72இல்தான் கழிகிறது. "புகார் இல்லாவிட்டால் குற்றவாளி தப்பிவிடுவானே?" என்பார்கள். போலீசுக்குத் தகவல் சொல்வது டாக்டரின் கடமைதான். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அதை நோயாளியின் நுழைவுச்சீட்டாக்க யாருக்கும் உரிமையில்லை. எஃப்.ஐ.ஆர். பதியாமலே மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்கிறது போக்சோ 27ஆம் பிரிவு. தாமதித்தால் அழிவது தடயமும்தான். குளித்து, துணி மாற்றியபின் பஞ்சில் என்ன ஒட்டும்?

மாதக்கணக்கில் சுரண்டப்பட்ட பிள்ளையின் கதை வேறு. அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்றுதான் வருவாள். பெயர் ஸ்டேஷனுக்குப் போகும் என்று தெரிந்தால் அதற்கும் வரமாட்டாள். 18 வயதுக்குட்பட்டவரின் கருக்கலைப்பில், அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் பெயரை டாக்டர் மறைக்கலாம் என 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விரும்பிப் பழகிய இளையோரை மனதில் வைத்துச் சொன்னதுதான். ஆனாலும், வலியோடு வருகிற இந்தப் பிள்ளைக்கு முதல் சில நாட்களாவது அதே பாதுகாப்பை மறுக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.