வேகமான ஃபோன்: வாங்கும் முன் தராசில் வைப்போம்



ஒரு மூடை சீனி வாங்குவதென்றாலும் நிறை பார்த்து, தரம் பார்த்து, விலை பேசி வாங்குகின்றவர்கள் நாம். ஆனால் கையடக்கத் தொலைபேசி வாங்கும்போது மட்டும் விளம்பரத்தை நம்பிக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். "5ஜி, மிக வேகம்" என்று சொல்லப்படும் ஸ்மார்ட்போன் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கடை வைத்திருப்பவருக்கு இலாபமா, நட்டமா? இவ்வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வேகம் இரண்டு வகை. ஒன்று ஃபோனுக்குள் இருக்கும் சிப்பின் வேகம். அது நாம் காசு கொடுத்து வாங்குவது. மற்றது இணையத்தின் வேகம். அது கோபுரத்திலிருந்து வருவது. கோபுரம் தராத வேகத்தை எந்த ஃபோனும் தராது.

சாதகங்கள்

1. பெரிய கோப்புகள் விரைவாக இறங்கும். 500 எம்.பி. கோப்பு ஒன்று விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் இறங்க 200 விநாடி எடுக்கும். 200 மெகாபிட் கிடைத்தால் 20 விநாடி போதும்.

2. புறக்கோட்டை மொத்த வியாபாரி வீடியோ அழைப்பில் காட்டும் சரக்கைத் தெளிவாகப் பார்க்கலாம். கடைக் கணினிக்கும் அதே ஃபோனிலிருந்து இணையம் கொடுக்கலாம்.

3. நல்ல சிப் உள்ள ஃபோன் சில வருடங்கள் சென்றாலும் வங்கிச் செயலிகளைத் தடுமாறாமல் இயக்கும்.

பாதகங்கள்

1. அலைவரிசை. 5ஜிக்குப் பல நாடுகளில் 3500 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைகளே அதிகம் பயன்படுகின்றன. இவை 900 மெகாஹேர்ட்ஸ் அலைகளைப் போலத் தூரம் செல்லா. மலை மறித்தால் பலம் குறையும். பொகவந்தலாவ, மஸ்கெலியா போன்ற பள்ளத்தாக்குகளில் இது பெரிய விடயம். 2013இல் 4ஜி இலங்கைக்கு வந்தபோதும் நகரங்களுக்கே முதலில் கிடைத்தது.

2. பற்றரி. 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த எச்.டி.சி. தண்டர்போல்ட் என்ற 4ஜி ஃபோனின் வேகத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் அதன் 1400 எம்.ஏ.எச். பற்றரி சீக்கிரம் தீர்ந்ததால் வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள். பெரிய பற்றரி தனியாக விற்கப்பட்டது. சிக்னல் பலவீனமான இடத்தில் எந்த ஃபோனும் கோபுரத்தைத் தேடித் தேடிப் பற்றரியைத் தின்னும்.

3. வேகம் நிலைப்பதில்லை. பற்றரி பழுதடைந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாமே குறைத்ததாக 2017 டிசம்பரில் அப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

4. முடங்கும் முதல். சாதாரண ஃபோனுக்கும் வேகமான ஃபோனுக்கும் விலை வித்தியாசம் 40,000 ரூபா என்று வைப்போம். அந்தப் பணம் சரக்காக மாதம் ஒருமுறை புரண்டு நூற்றுக்கு ஐந்து இலாபம் தந்தால், வருடத்துக்கு 24,000 ரூபா. வேகமான ஃபோன் அந்த அளவு உழைத்துத் தருமா என்பதே கேள்வி.

கியூ.ஆர். மூலம் பணம் வாங்கவும், வட்ஸ்அப்பில் ஓடர் அனுப்பவும் மிகச் சிறிய அளவு டேட்டாவே தேவை. ஒழுங்கான 4ஜி சிக்னல் இருந்தால் அதுவே தாராளம். தோட்டச் சம்பள நாளில் கடை நிறைந்திருக்கும்போது நமக்கு வேண்டியது வேகத்தை விட அறுந்துபோகாத இணைப்பும், மாலை வரை நிற்கும் பற்றரியும்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசிச் சேவையும் நின்றன. அந்நேரம் விலை உயர்ந்த ஃபோனும் மலிவான ஃபோனும் ஒன்றுதான்.

ஆகவே வாங்கும் முன் நான்கு வேலை செய்யுங்கள். தெரிந்தவரின் 5ஜி ஃபோனைக் கடை மேசையில் வைத்து, காலை, மாலை, மழை நேரம் என மூன்று தடவை வேகத்தை அளந்து பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் சிம் போட முடியுமா என்று கேளுங்கள். பற்றரியும் உதிரிப்பாகமும் உங்கள் டவுனிலேயே கிடைக்குமா என்று விசாரியுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைக் கொண்டு, அந்த ஃபோன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சரக்குகளை வீடியோ எடுத்து விற்பவர், கொழும்புக்கு அடிக்கடி போய் வருபவர் தாராளமாக வேகமான ஃபோனை வாங்கலாம். அவருக்கு அது தொழில் கருவி. நாள் முழுவதும் கல்லாவில் இருப்பவர் நல்ல பற்றரியுள்ள 4ஜி ஃபோன் ஒன்றை வாங்கி, மிச்சக் காசுக்குச் சரக்கு போடுவதே புத்திசாலித்தனம்.