ஒரு வீட்டுக் குரல்கள் – பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ்

முன்னுரை

'இசை அறிவோம்' பகுதியில் இந்த முறை நான் எழுதப்போவது அமெரிக்கப் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் பற்றி. "யாரு இவங்க? பேரே கேள்விப்பட்டதில்லையே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அப்பா, அண்ணன், அக்காக்களோடு பாடிய 'ஸ்டேபிள் சிங்கர்ஸ்' என்ற குடும்பக் குழுவின் முதன்மைக் குரல் இவர்தான். தனியாகப் பாடிப் பெயர் வாங்கியவர்கள் உலகத்தில் நிறைய. ஆனால் கூடப் பாடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்த பிறகும், அந்தக் குடும்பத்தின் பாட்டை விடாமல் பாடி வந்தவர் இவர். அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

பருத்திக் காட்டில் கேட்ட கிடார்

கதை அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் ரோபக் ஸ்டேபிள்ஸ். 1914 டிசம்பர் 28 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில். கறுப்பின மக்கள் அங்கே காலை முதல் இருட்டும் வரை பருத்தி எடுக்க வேண்டும். அதே பண்ணையில் சார்லி பேட்டன் என்ற புகழ்பெற்ற பாடகர் கிடார் வாசிப்பார். அதைக் கேட்டுக் கேட்டே ரோபக்கும் கிடார் பழகினார்.

1930களின் நடுவில் பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோ நகரத்துக்கு வந்தார். மனைவி ஓசியோலா. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. கிளியோதா, பெர்விஸ், இவோன் என்ற பிள்ளைகளுக்குப் பிறகு, 1939 ஜூலை 10 அன்று மேவிஸ் பிறந்தார். கடைசித் தங்கை சிந்தியா ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவர். அப்பாவை எல்லாரும் 'பாப்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

வட்டமாக உட்கார்ந்து படித்த பாடம்

சிகாகோவில் பாப்ஸ் வேறு சில ஆண்களோடு ஒரு பக்திப் பாட்டுக் குழுவில் இருந்தார். ஆனால் ஒத்திகைக்கு ஆட்கள் ஒழுங்கா வரவே மாட்டாங்க. வெறுத்துப்போன பாப்ஸ், அடகுக் கடையில் வாங்கிய தன் கிடாரை எடுத்தார். வீட்டுப் பிள்ளைகளையே தரையில் வட்டமாக உட்கார வைத்தார். கிடாரில் ஒவ்வொரு சுரமாகத் தட்டி, யார் எந்தச் சுரத்தைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

1948ல் ஒரு சிறிய தேவாலயத்தில் முதன்முதலாகப் பாடினார்கள். ஜனங்கள் கைதட்டி "இன்னொரு தடவை" என்று கேட்டார்கள். அப்போது இவர்கள் முழுசாகக் கற்றிருந்தது ஒரே ஒரு பாட்டுதான்! அதனால் அதையே திரும்பத் திரும்பப் பாடினார்களாம். இதைப் பின்னாளில் மேவிஸே சொல்லிச் சிரித்திருக்கிறார். நேராக வீட்டுக்குப் போய் பாப்ஸ் அடுத்த பாட்டைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

யாருக்கு எந்தக் குரல்?

இங்கே ஒரு சின்ன இசைப் பாடம். நாம் சேர்ந்து பாடும்போது எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறோம். இவர்கள் பாடும் முறை வேறு. ஒருவர் முதன்மை மெட்டைப் பாட, மற்றவர்கள் அதே சொற்களை அதே நேரத்தில் வேறு சுரங்களில் பாடுவார்கள். இதற்கு 'ஹார்மனி' என்று பெயர்.

செய்து பாருங்கள்: மூன்று பேர் நில்லுங்கள். ஒருவர் 'ச', அடுத்தவர் 'க', மூன்றாமவர் 'ப' சுரத்தைப் பிடித்து ஒரே மூச்சில் 'ஆ' என்று நீட்டுங்கள். மூன்று குரலும் சேர்ந்து நிறைவான ஒரே ஒலியாகக் கேட்கும். ஒருவர் நிறுத்தினால் உடனே அது வெறுமையாகிவிடும். பக்கத்தில் நிற்பவர் சுரத்துக்கு வழுக்கிப் போகாமல் நிற்பதுதான் இதில் கஷ்டம்!

ஸ்டேபிள் குடும்பத்தில் கிளியோதா மேல் குரல். முதன்மைக் குரலும் உச்ச சுரமும் அண்ணன் பெர்விஸுடையது. மேவிஸ் சின்னப் பெண்ணாக இருந்தும் கீழ்க்குரலில்தான் பாடினார். பெர்விஸுக்கு வயது வந்து குரல் உடைந்தபோது, முதன்மைப் பாட்டை பாப்ஸ் மேவிஸிடம் கொடுத்தார். மேவிஸுக்கு அது பிடிக்கவில்லை. கீழ்க்குரலே போதும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். பிறகு பெர்விஸ் இராணுவத்துக்குப் போனபோது அவர் இடத்தை இவோன் நிரப்பினார்.

ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் சொற்களை ஒரே மாதிரி உச்சரிப்பார்கள், மூச்சு விடும் இடமும் ஒன்றாக இருக்கும். அதனால் அவர்கள் குரல்கள் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பாப்ஸின் கிடாரில் வரும் நடுங்கும் ஓசை இவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1956ல் 'அன்கிளவுடி டே' என்ற பாட்டு வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. வானொலியில் கேட்டவர்கள் அந்தக் கனத்த குரல் ஒரு ஆணுடையது என்றே நினைத்தார்கள். பாடியது பள்ளிக்கூடப் பெண் மேவிஸ்!

பாட்டியிடம் வாங்கிய அடி

சிறுவயதில் மேவிஸ் சில காலம் மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் இருந்தார். பள்ளி நிகழ்ச்சியில் ஒரு காதல் பாட்டைப் பாடிவிட்டார். பக்திப் பாட்டு தவிர வேறு பாட்டே கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். மாமா மேடையில் இருந்து இழுத்துக்கொண்டு போய் பாட்டியிடம் விட்டார். அப்புறம் என்ன, செம அடி! எந்த ஊர்ப் பாட்டியும் பாட்டிதான் போலிருக்கிறது.

படிப்பு முடிந்த பிறகே ஊர் ஊராக

பாட்டு வெற்றி பெற்றும் பாப்ஸ் அவசரப்படவில்லை. மேவிஸ் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை முழுநேரப் பயணம் கிடையாது என்று சொல்லிவிட்டார். 1957ல் மேவிஸ் படிப்பை முடித்தார். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. பாட்டால் மனுஷங்களை ஆறுதல்படுத்துகிறவள் ஏற்கெனவே நர்ஸ்தான் என்று பாப்ஸ் சொன்னாராம்.

தெற்கு மாநிலங்களில் பயணம் சுலபமில்லை. வெள்ளையர் ஓட்டல்களில் கறுப்பின மக்களுக்கு அறையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. மேடையில் கைதட்டல் வாங்கிய பாடகர்களுக்கும் இதே கதிதான்.

ஒன்பது மாணவர்களுக்காக ஒரு பாட்டு

1957ல் லிட்டில் ராக் என்ற நகரில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த உயர்நிலைப் பள்ளியில் 9 கறுப்பின மாணவர்கள் சேர்ந்தார்கள். மாநில ஆளுநர் படையை நிறுத்தி அவர்களை உள்ளே விடாமல் தடுத்தார். வாசலில் கூட்டம் கூடி வசை பாடியது. கடைசியில் அதிபர் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பிய பிறகே அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குப் போக முடிந்தது. நம்ம வயசுப் பிள்ளைகள்! நாம் மழை பெய்தால் லீவு கிடைக்குமா என்று பார்க்கிறோம். அவர்கள் சிப்பாய்கள் துணையோடு பள்ளிக்குப் போனார்கள்.

அந்த 9 பேரை நினைத்து பாப்ஸ் ஒரு பாட்டு எழுதினார். எங்களை ஏன் இப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கும் பாட்டு. பின்னாளில் அது மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகவும் பிடித்த பாட்டாக ஆனது.

கிங்கைப் பற்றி நமக்குத் தெரியும். காந்தியடிகளின் வழியை அறிய 1959ல் இந்தியா வந்தவர். மாண்ட்கோமரி நகரில் அவர் பேச்சைக் கேட்ட பாப்ஸ், அவர் பேசுவதை நாம் பாட்டாகப் பாடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதற்குப் பிறகு கிங்கின் கூட்டங்களில் ஸ்டேபிள் குடும்பம் பாடியது. 1965ல் செல்மாவில் இருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த உரிமைப் பேரணிக்காக 'ஃப்ரீடம் ஹைவே' என்ற பாட்டையும் பாப்ஸ் எழுதினார்.

1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. 1969ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த விழாவில், கிங் விரும்பிக் கேட்ட பக்திப் பாட்டு ஒன்றை மூத்த பாடகி மஹாலியா ஜாக்சனோடு சேர்ந்து மேவிஸ் பாடினார். மஹாலியாவுக்கு அன்று உடம்பு சரியில்லை. சின்ன வயதிலிருந்து யாரை வணங்கி வந்தாரோ, அவரே ஒலிவாங்கியை மேவிஸிடம் நீட்டினார். 2021ல் வந்த 'சம்மர் ஆஃப் சோல்' படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது.

புகழின் உச்சி

1971ல் 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' வந்தது. முதலில் உன்னை நீயே மதி என்பது அதன் கருத்து. 1972ல் 'ஐ வில் டேக் யூ தேர்' அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1975ல் இன்னொரு பாட்டும் முதலிடம். இதற்கு நடுவில் 1973ல் தங்கை சிந்தியா இறந்துபோனார். 1999ல் குழுவுக்கு 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' பெருமை கிடைத்தது.

வட்டம் சுருங்கியது

2000 டிசம்பர் 19 அன்று பாப்ஸ் காலமானார். வயது 85. மேவிஸ் உடைந்துபோய்விட்டார். பாட மனமே வரவில்லை. அக்கா கிளியோதாவுக்கோ நினைவு இழக்கும் அல்சைமர் நோய். அப்போது அக்கா இவோன்தான் சத்தம் போட்டார்: அப்பா இருந்தால் உன்னைப் பாடத்தானே சொல்லியிருப்பார், எழுந்திரு என்று. மேவிஸ் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். அது 2004ல் வெளிவந்தது. இவோன் மேடையில் பின்குரலாகவும், மேடைக்கு வெளியே கணக்கு வழக்கு பார்ப்பவராகவும் துணை நின்றார்.

2011ல் மேவிஸுக்கு முதல் கிராமி விருது கிடைத்தது. அப்போது வயது 71! கடைசிக் காலத்தில் பாப்ஸ் பதிவு செய்த சில பாடல்கள் முடியாமல் இருந்தன. இதைத் தொலைத்துவிடாதே என்று சொல்லித்தான் அவற்றை மேவிஸிடம் ஒப்படைத்திருந்தார். தொலைக்கவில்லை. அவற்றை முடித்து 2015ல் வெளியிட்டார். தலைப்பு என்ன தெரியுமா? அப்பா சொன்ன அதே சொற்கள்: 'டோன்ட் லூஸ் திஸ்'.

2013ல் கிளியோதா, 2018ல் இவோன், 2021ல் பெர்விஸ் என்று ஒவ்வொருவராக மறைந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து பாடியவர்களில் மேவிஸ் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். 2025ல், 86 வயதில், அவர் இன்னொரு புதிய தொகுப்பை வெளியிட்டார்.

முடிவுரை

மேவிஸின் குரல் அவருக்குப் பிறவியிலேயே வந்ததுதான். ஆனால் எப்போது பாட வேண்டும், எப்போது மற்றவருக்கு இடம் விட வேண்டும், எதற்காகப் பாட வேண்டும் என்பதை வீட்டுத் தரையில்தான் கற்றார். குழுவில் பின்குரல் பாடுகிறவரை நாம் கவனிப்பதே இல்லை. கிளியோதா மேல் சுரத்தை விடாமல் பிடித்ததால்தான் மேவிஸ் கீழே இறங்கிப் பாட முடிந்தது. இவோன் அதட்டியதால்தான் 2000க்குப் பிறகு மேவிஸின் குரல் உலகத்துக்கு மறுபடி கிடைத்தது. அடுத்த முறை நம் இறைவணக்கக் குழு பாடும்போது, ஓரத்தில் நிற்பவர் குரலையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

யோசிக்க மூன்று கேள்விகள்:
1. முதன்மைக் குரல் வேண்டாம் என்று மேவிஸ் ஏன் நினைத்திருப்பார்?
2. படிப்பு முடியும் வரை பயணம் வேண்டாம் என்று பாப்ஸ் சொன்னது சரியா?
3. உங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாடினால் யார் மேல் குரல், யார் கீழ்க்குரல்?