நிற்கும் வண்டிக்கு ஒரு சின்ன சோலார் பேனல்

போன ஆடியில மூணு வாரம் மழையும் மூடுபனியும்; வண்டி கொட்டகையிலேயே நின்றது. பிறகு கோத்தகிரிக்குப் போக கேரட் மூட்டைகளை ஏற்றிவிட்டு, என் மின்சார சரக்கு வண்டியில் சாவியைத் திருப்பினால் உயிரே இல்லை. ஓட்டும் பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. செத்தது 12 வோல்ட் சின்ன பேட்டரி. பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலேயே அதை நம்பித்தான் இருக்கு.

மெக்கானிக் தம்பி அளந்து பார்த்தார். "பூட்டி நிறுத்தினாலும் 40 மில்லிஆம்பியர் போகுதுங்கண்ணா." நாளுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி, மூணு வாரத்தில் 20. பேட்டரியின் கொள்ளளவே 35தான், அதுவும் பழசு.

இப்போ 20 வாட் பேனல் வைத்திருக்கேன். முழு வெயிலில் 1 ஆம்பியருக்கு மேல் தரும். மூடுபனி நாளில், மொத்தமாக ஒரு மணி நேர வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைத்தாலே இழப்பு ஈடாகிவிடும். நம்ம குளிரும் நல்லதுக்குத்தான். சூடு ஏறினால் பேனலின் உற்பத்தி குறையும். தொல்லை சில்வர் ஓக் நிழல்தான். ஒரு ஓரத்தில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகச் சரியும். அதனால் மரம் மறைக்காத கொட்டகைக் கூரையில், தெற்கே லேசாகச் சாய்த்து வைத்தேன்.

பேட்டரியோடு நேராக இணைக்காதீங்க. இணைக்காத பேனல் 21 வோல்ட் வரை காட்டும். சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். பேட்டரியின் பிளஸ் முனை அருகே ஃபியூஸ் வேணும். ஈய-அமில பேட்டரியா லித்தியமா என்று பார்த்துத்தான் கன்ட்ரோலர் வாங்கணும்.

"இதுலயே வண்டி ஓடுமா?"ன்னு பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார். ஓடாதுங்க. நல்ல வெயில் நாளில் கிடைப்பது சுமார் 60 வாட்-மணி. அரை கிலோமீட்டருக்கே காணாது.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில். கழற்றாமலே வண்டியை எடுத்து, நான் ஒருமுறை வயரை அறுத்துக்கொண்டு போயிருக்கேன்.