உயில் எழுத வக்கீலைத் தேடும்போது



“உயில்” என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலர், “அதற்கு இப்போது என்ன அவசரம்?” என்று பேச்சை மாற்றிவிடுகிறோம். நானும் அப்படி இருந்தவன்தான். ஏ.ஜி. ஆபீஸில் 35 ஆண்டுகள் ஊரார் கணக்கைச் சரிபார்த்த நான், என் வீட்டுக் கணக்கை எழுதி வைக்க 70 வயது வரை காத்திருந்தேன். என் அக்காவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகே புத்தி வந்தது. நம் சங்க அன்பர்களுக்கும் பயன்படும் என்று அதை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்லன். வக்கீலைத் தேடி அலைந்தவன். அந்த அனுபவத்தில் கற்ற பாடமே இக்கட்டுரை.

அக்காவின் கதை

அத்தானுக்குக் கரமனையில் சொந்தமாக வாங்கிய வீடு ஒன்று. நாகர்கோவில் பக்கம் அவர் தந்தை வழியில் வந்த வயல் கொஞ்சம். வீடு அக்காவுக்கு, வயல் மகனுக்கு, நகையும் வங்கிப் பணமும் மகளுக்கு என்பது அவர் எண்ணம். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, குறைந்த செலவில் எழுதித் தருபவர் ஒருவரிடம் போனார். ஒரே நாளில் உயில் தயார். எழுதியது மலையாளத்தில். அத்தான் மலையாளம் சரளமாகப் பேசுவார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2011இல் அத்தான் காலமானார். வீட்டை விற்க வேண்டும் என்று மகன் சொன்னபோதுதான் உயில் வெளியே வந்தது. அதில் மூன்று ஓட்டைகள். முதலாவது, வீட்டை அக்காவுக்குக் “கொடுக்கிறேன்” என்று இல்லை; ஆயுள்வரை “அனுபவிக்கலாம்” என்று இருந்தது. இரண்டாவது, வயல் முழுதும் அத்தானுடையது என்று எழுதியிருந்தது. அவர் தந்தை உயில் எழுதாமல் 1969இல் இறந்தவர். ஆகவே 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தானின் தங்கைக்கும் அதில் சம பங்கு உண்டு. எழுதியவர் அதைக் கேட்கவே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய அடி. இரண்டு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் அக்கம்பக்கத்து மனிதர்; நேர்மையானவர். கோர்ட்டில் உண்மையைச் சொன்னார்: “எழுதியவருடைய ஆள் சாயங்காலம் காகிதத்தை என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். கையெழுத்து முன்பே இருந்தது. நானும் போட்டேன்.” இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 63ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதுபவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது “இது என் கையெழுத்து” என்று அவரே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. உயில் நிற்கவில்லை. வீடு அக்கா, மகன், மகள் என மூன்று சம பங்காயிற்று.

இரண்டு ஊர்க் கோர்ட்டுகளில் ஐந்து ஆண்டுகள் ஓடின. கடைசியில் சமரசமாகி வீடு விற்கப்பட்டது. அக்கா இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். மகனிடம் பேச்சு இல்லை. “அவர் மனசுல நினைச்சது ஒண்ணு, காயிதத்துல விழுந்தது ஒண்ணு, தம்பி” என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கே நான் வக்கீலைத் தேடத் தொடங்கினேன்.

நமக்கு இது ஏன் தனிப்பாடம்?

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குச் சொத்தைப் பற்றிய சிக்கல் புதிதன்று. மருமக்கள் வழியால் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கவிமணி “மருமக்கள் வழி மான்மியம்” என்று பாடியே வைத்தார். பிறகு கொல்லம் ஆண்டு 1101இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையும் அகராதிப் பணிக்குப் போகுமுன் இவ்வூரில் வக்கீலாக இருந்தவர்தாம்.

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நம் வீடு ஒரு மாநிலத்திலும் வயல் மறு மாநிலத்திலும் ஆயின. வீடு, நிலம் போன்றவற்றுக்கு அவை இருக்கும் இடத்துச் சட்டமும் ஆவணமுமே பேசும். கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக் குடும்ப முறையே தனிச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ கூட்டுக் குடும்பம் நீடித்தது. 1989இல் மகளுக்கும் அதில் பிறப்புரிமை வந்தது. 2005இல் மத்தியச் சட்டமும் அவ்வாறே திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு கேரளச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் ஒத்துப்போகா என்று 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே குடும்பச் சொத்து உடையவர்கள் பழைய அறிவை நம்பி இருக்கக் கூடாது.

கிறிஸ்தவ அன்பர்களுக்கு, 1986இல் மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் பொருந்தாது. முஸ்லிம் அன்பர்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயில் எழுத முடியாது. ஒரே அச்சடித்த படிவம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்கு இவையே போதும்.

எங்கே தேடுவது?

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகையால் பெரிய பலகையையும் பேச்சையும் பார்த்து முடிவு செய்யாமல், கேட்டறிவதே வழி. உயில் எழுதியவரிடம் கேட்பதைவிட, ஒருவர் இறந்தபின் அவருடைய உயிலைக் காட்டிச் சொத்தைத் தங்கள் பேருக்கு மாற்றிய குடும்பத்தாரிடம் கேளுங்கள். மாம்பழத்தின் ருசி தின்றவருக்குத்தானே தெரியும்! வங்கி அதிகாரி, ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார், கோர்ட் குமாஸ்தா ஆகியோரும் நல்ல பெயர்களைச் சொல்வார்கள்.

வஞ்சியூர்க் கோர்ட்டுப் பக்கம் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிரிமினல் கேசில் புகழ்பெற்றவர் உயிலிலும் வல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பாகப்பிரிவினை, வாரிசு வழக்குகள் நடத்தும் சிவில் வக்கீலைத் தேடுங்கள். உயில் எங்கே உடைகிறது என்பது, உடைந்த உயில்களைப் பார்த்தவருக்கே தெரியும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. கேரளத்தில் அது கே என்ற எழுத்து, எண், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். எர்ணாகுளத்தில் உள்ள கேரள பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் போன்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி கோரலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உயிலை வக்கீல்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாளில் உங்கள் கைப்பட எழுதினாலும் செல்லும். ஒரே வீடு, ஒரே வாரிசு, பிணக்கு இல்லாத குடும்பம் என்றால் அது போதும். அதற்கு மேல் சிக்கல் இருந்தால்தான் வக்கீல் தேவை.

மூன்று வக்கீல்களும் நானும்

நான் மூவரைப் பார்த்தேன். முதல்வர் மேசையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து, “பேரையும் சர்வே நம்பரையும் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்” என்றார். இரண்டாமவர் பெரிய வக்கீல். என்னிடம் பேசிய பத்து நிமிஷத்தில் நான்கு முறை போனை எடுத்தார். மற்றதை ஜூனியர் பார்த்துக்கொள்வார் என்றார்.

மூன்றாமவர் ஓர் அம்மையார். என்னுடன் வந்த மகனைப் பார்த்து, “மோன் கொஞ்சம் வெளியே இருக்கட்டும், சார்” என்றார். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: நாளைக்கு “மகன் கட்டாயப்படுத்தி எழுத வைத்தான்” என்று யாரும் சொல்ல வழி இருக்கக் கூடாது, நானும் மனத்தில் உள்ளதைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். பிறகு கேள்விகள் தொடங்கின. வீடு யார் பேரில்? யார் பணத்தில் வாங்கியது? உங்கள் தந்தைக்கு எத்தனை பிள்ளைகள்? வீட்டை மனைவிக்கு முழு உரிமையாகத் தருகிறீர்களா, ஆயுள்வரையா? உங்களுக்கு முன்பே மகனுக்கு ஏதாவது நேர்ந்தால் அவன் பங்கு யாருக்கு? கடன் உண்டா? வங்கியில் யாரை நாமினி போட்டிருக்கிறீர்கள்?

தென்காசியில் எங்களுக்கு ஒரு பழைய வீடு உண்டு என்றேன். “அவ்விடத்து ரிக்கார்டுகளை நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு வக்கீலைக் கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு எழுதலாம்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைத் தேர்ந்தேன். அக்காவின் உயிலை எழுதியவர் இவற்றில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் அவளுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். வக்கீல் நமக்குச் சொல்லும் பதிலைவிட, நம்மிடம் கேட்கும் கேள்விகளைக் கொண்டே அவரை எடைபோடலாம் என்பது நான் கண்ட உண்மை.

நாம் கேட்க வேண்டியவை

1. எந்த மொழியில் எழுதுவீர்கள்? உயில் தமிழிலும் இருக்கலாம். பதிவு செய்யும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டால் மலையாள மொழிபெயர்ப்பைச் சேர்த்துத் தர வேண்டும். மலையாளத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2. சாட்சிகள் யார்? சொத்துப் பெறுபவரோ அவர் மனைவியோ கணவரோ வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவர்கள், உள்ளூரில் இருப்பவர்கள் நல்லது. எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் கையெழுத்திட வேண்டும். வயது முதிர்ந்தவர்கள் தங்கள் டாக்டரையே ஒரு சாட்சியாக அழைக்கலாம்.

3. பதிவு வேண்டுமா? கட்டாயமில்லை, ஆனால் நல்லது. பதிவு செய்தாலும் வழக்கு வந்தால் சாட்சி வந்து சொல்லியாக வேண்டும். உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு.

4. சட்ட மாற்றங்களை அறிந்தவரா? சென்னை நகரத்தில் வீடுள்ளவர்கள் இதைக் கேளுங்கள். அங்குள்ள சொத்தைப் பற்றிய உயிலுக்குக் கோர்ட்டில் “புரொபேட்” பெற்றே தீர வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அந்த 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. வக்கீலுக்கு இது தெரிகிறதா என்று பாருங்கள்.

5. கட்டணம் எவ்வளவு? உயில் எழுத, ஆவணம் பார்க்க, பதிவுக்கு உடன் வர என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். “வழக்கு ஜெயித்ததும் சொத்தில் ஒரு பங்கு” என்று எந்த வக்கீலும் பேசக் கூடாது, விதி தடுக்கிறது. கட்டணம் பாக்கி என்று கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்கவும் வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

கையில் கொண்டு போக வேண்டியவை

இங்குள்ள சொத்துக்கு ஆதாரம், முன்னாதாரம், கரம் தீர்த்த ரசீது, பாத்யதா சர்டிபிகேட். அங்குள்ள சொத்துக்குப் பத்திரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. பேர்தான் வேறு, வேலை ஒன்றே. போக்குவரவு நடக்காமல் இன்னும் தாத்தா பேரிலேயே கரம் கட்டி வருகிறவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராமல் நகலைக் கொடுங்கள். இவற்றோடு குடும்பத்தாரின் பெயர், வயது, உறவு எழுதிய ஒரு தாள். இறந்தவர்களையும் விடாமல் எழுத வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், உயிலை நிறைவேற்ற உள்ளூரிலேயே ஒருவரை நியமியுங்கள்.

என் உயில் இரண்டு மாதத்தில் முடிந்தது. தென்காசியில் பார்த்த வக்கீல், பட்டாவில் என் சித்தப்பா பேரும் இருப்பதைக் கண்டுபிடித்தார். சித்தப்பா பிள்ளைகளை அழைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டோம். நான் உயிரோடு இருக்கும்போது காப்பியோடு முடிந்த பேச்சு, நான் போன பிறகு கோர்ட்டில் எத்தனை ஆண்டு இழுத்திருக்கும்!

கையெழுத்திட்ட அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். “படிச்சுப் பாத்தியா, தம்பி?” என்று மட்டும் கேட்டாள். “தமிழிலேயே எழுதியிருக்கேன், அக்கா. ஒவ்வொரு வரியும் படிச்சேன்” என்றேன். அன்பர்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.