அகமதாபாத்தில் ஒரு காலை நடை

அகமதாபாத் குஜராத் மாநிலத்தின் பெரிய நகரம். சபர்மதி ஆற்றின் கரையில் இருக்கிறது. சுல்தான் அகமது ஷா 1411-ஆம் ஆண்டில் இந்த நகரை உண்டாக்கினார். பிற்காலத்தில் இங்கே பஞ்சாலைகள் பெருகின. ஆலை வேலை தேடித் தமிழர்களும் போனார்கள். மணிநகர் பகுதியில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களைப் பார்க்க இங்கிருந்து உறவினர்கள் போவது உண்டு.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் வாடகைக் கார்க்காரர்கள் வருவார்கள். "ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன்" என்பார்கள். பழைய நகரத்தைப் பார்க்கக் கார் வேண்டாம். காரில் போனால் பார்க்கவும் முடியாது. ஏன்? அங்குள்ள தெருக்களில் கார் நுழையாது. அவை நடப்பவர்களுக்காகப் போட்ட தெருக்கள்.

இந்தத் தெருக்களுக்குப் 'போள்' என்று பெயர். இதில் வரும் 'ள்' நம் தமிழ் 'ள்' போலவே ஒலிக்கும். ஒரு போளுக்கு ஒரு பெரிய வாசல். முன்பு இரவில் வாசலை மூடிவிடுவார்கள். வாசலுக்கு மேலே காவலாளிக்கு ஓர் அறை இருக்கும். உள்ளே மர வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். தூணிலும் கதவிலும் பூவும் கொடியும் செதுக்கியிருப்பார்கள். வீட்டு வாசலில் திண்ணை உண்டு. அதை 'ஓட்லோ' என்பார்கள். மாலையில் பெண்கள் அதில் உட்கார்ந்து பேசுவார்கள். இதைப் பார்த்தால் நம் ஊர் நினைவு வரும்.

தெரு ஏன் இவ்வளவு குறுகல்? வெயிலும் ஒரு காரணம். 2016 மே மாதத்தில் இந்த ஊரில் 48 டிகிரி வெயில் அடித்தது. சந்து குறுகலாக இருந்தால் எதிர்வீட்டு நிழல் தெருவில் விழும். நடுவே முற்றம் இருப்பதால் வீட்டுக்குள் காற்று வரும். தண்ணீருக்கும் ஒரு வழி செய்தார்கள். மாடியில் விழும் மழைநீரைக் குழாய் வழியாக இறக்கி, வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்த்தார்கள். கோடையில் அதுவே குடிநீர். பறவைகளையும் மறக்கவில்லை. தெரு நடுவே உயரமான தூண் நட்டு, அதன் உச்சியில் தானியம் வைக்க மாடம் கட்டினார்கள். அதன் பெயர் 'சபூத்ரோ'. புறாக்களும் கிளிகளும் அங்கே வரும்.

2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் முதலில் இந்தப் பெயர் பெற்ற நகரம் இதுதான். ஆனாலும் மர வீடுகள் குறைந்து வருகின்றன. பழுது பார்க்கப் பணம் அதிகம் ஆகிறது. சிலர் வீட்டை இடித்துக் கடையும் கிடங்கும் கட்டுகிறார்கள். செதுக்கிய தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போய்விடுகின்றன. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப் போடக் கூடாது.

தமிழ் படிக்கக் கற்றவருக்கும் அங்கே ஒரு திகைப்பு வரும். பலகைகளில் குஜராத்தி எழுத்து இருக்கும். இந்தி எழுத்தின் தலையில் ஒரு கோடு ஓடும். குஜராத்தி எழுத்தில் அந்தக் கோடு இல்லை. எண்களின் வடிவமும் வேறு. அதற்காக மறுபடியும் எழுத்தறியாதவர் போல நிற்க வேண்டியதில்லை. தங்கும் வீட்டின் முகவரியையும் பேருந்து எண்ணையும் குஜராத்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதே தாளில் அவற்றை நீங்கள் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். 'எங்கே இருக்கிறது?' என்பதற்கு 'க்யாங் சே?' என்று கேட்க வேண்டும்.

குளிர்காலமே நடக்க ஏற்ற காலம். காலை 8 மணிக்குக் காலுப்பூர் சுவாமி நாராயணன் கோயிலில் தொடங்கலாம். இது 1822-இல் கட்டிய கோயில். ரயில் நிலையத்துக்கு அருகில்தான். அங்கிருந்து ஜும்மா மசூதி எங்கே என்று கேட்டுக்கொண்டே போள்கள் வழியாக நடக்கலாம். போள்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஜும்மா மசூதியை 1424-இல் கட்டி முடித்தார்கள். உள்ளே 260 தூண்கள்! அதன் பக்கத்தில் மாணிக் சௌக் கடைவீதி. பகலில் நகைக்கடை, இரவில் சாப்பாட்டுக்கடை.

மசூதியிலிருந்து மேற்கே நடந்தால் மூன்று வளைவு வாசல் வரும். அதன் பெயர் தீன் தர்வாஜா. அங்கே ஒரு மாடத்தில் விளக்கு எரியும். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

ஒரு நாள் இரவு லட்சுமி தேவி நகரை விட்டுப் புறப்பட்டாளாம். கோட்டை வாசலில் காவல் அதிகாரி அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"தாயே, அரசரிடம் கேட்டு வருகிறேன். நான் திரும்பி வரும்வரை இங்கேயே இருங்கள்" என்றார்.

"சரி" என்றாள் தேவி.

அவர் அரண்மனைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார். பிறகு தன் உயிரை விட்டார். அவர் திரும்பவே இல்லை. அதனால் லட்சுமியும் நகரை விட்டுப் போகவில்லை! அந்தக் காவலர் முஸ்லிம். விளக்கை இன்றுவரை ஏற்றி வருவதும் ஒரு முஸ்லிம் குடும்பம்தான்.

வாசலைத் தாண்டினால் பத்ரா கோட்டை. அங்கே காளி கோயில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் சிதி சையது மசூதி. அதன் கல் ஜன்னலில் கிளைகள் பின்னிய மரம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லா, சரிகைத் துணியா என்று சந்தேகம் வரும். அதற்குப் பக்கத்திலேயே லால் தர்வாஜா பேருந்து நிலையம். தாளில் உள்ள எண்ணைப் பார்த்து, பேருந்து ஏறி வீடு திரும்பலாம்.